விடத் தெரிய வேண்டும்!

மோட்டார் கார் சமாசாரம் என்றதும், "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் கார் மட்டுமா வருகிறது? ஒரு மாமா வருகிறார், மாமி வருகிறாள், மாமாவின் முழங்கால் வருகிறது. உயிர் தப்பிய கதை ஒன்றும் வருகிறது.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் இருக்கிறார் என் மாமா. வயது 74. சென்ற கோடையில் ஒரு மாதம் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டில் இரண்டு கார்கள். ஒன்று மாமி ஓட்டும் புதுக் கார். மற்றது 1967-ஆம் வருஷத்து மஸ்டாங். 1984-ல் மாமா ஆசைப்பட்டு வாங்கியது. மாதம் ஒரு முறை இண்டியானாபோலிஸில் இருக்கும் பெண்ணையும் பேரனையும் பார்க்கப் போவார்கள். ஏறக்குறைய 175 மைல். மாமாவுக்கு அந்தப் பழைய காரில்தான் போகவேண்டும்!

ஆனால் வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனபின், மூன்று மணி நேரம் ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் அழுத்திக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. அங்கேதான் 'குரூஸ் கண்ட்ரோல்' வந்து சேருகிறது. நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் போகும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், அந்த வேகத்தை வண்டியே காப்பாற்றிக்கொள்ளும். காலை எடுத்துவிடலாம். பிரேக்கைத் தொட்டால், பிடியை விட்டுவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் கண் பார்வை இல்லாதவர் என்றால் நம்புவீர்களா? இண்டியானா மாகாணத்து ஹேகர்ஸ்டவுனைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர்தான் அவர். 1890-ல் பிறந்தவர். ஐந்து வயதில் கத்தியால் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்தார். ஆனாலும் படித்து எஞ்சினீயர் ஆனார். அவருடைய வக்கீல் கார் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வக்கீல் பேசினால் வண்டி மெதுவாகும். பேச்சைக் கேட்டால் வேகம் பிடிக்கும். கூட உட்கார்ந்திருந்த டீட்டருக்குக் குலுங்கிக் குலுங்கி அலுத்துவிட்டதாம்! 1950-ல் அவருக்குப் பேடண்ட் கிடைத்தது. 1958-ஆம் வருஷ மாடல் கிரைஸ்லர் கார்களில் அந்தச் சாதனம் விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் நெருக்கடியால் 1974-ல் அமெரிக்கா முழுவதும் 55 மைல் வேக வரம்பு விதித்தபின், அதற்கு மவுசு ஏறிவிட்டது. அது இல்லாத கார்களில் பின்னால் மாட்டிக்கொள்ளத் தனிப் பெட்டிகளும் கடைக்கு வந்தன.

அப்படி ஒன்றை 1985-ல் வாங்கித் தம் கையாலேயே மாட்டியிருந்தார் மாமா. பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் இரண்டு காந்தங்கள். அவை சுற்றும் வேகத்தை எண்ண ஒரு கம்பிச் சுருள். கணக்குப் போட ஒரு பெட்டி. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பினால் ஒரு ரப்பர் ஜவ்வு அசையும். அதிலிருந்து போகும் கேபிள் கார்புரேட்டரைத் திறந்து மூடும். இவ்வளவுதான் சூக்ஷ்மம்.

நான் போன சமயம் அந்தச் சாதனம் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் பதிலே இல்லை. "வண்டியை விற்றுவிடு, அப்பா" என்று பெண் டெலிபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி குழந்தே, டார்ச்சைப் பிடிக்கிறாயா?" என்றார் மாமா. பிடித்தேன். பியூஸ் சரியாக இருந்தது. ரப்பர்க் குழாய் ஒன்று பிளந்திருந்தது, மாற்றினார். பயனில்லை. காந்தங்கள் இடத்திலேயே இருந்தன. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் மாமி காப்பி கொண்டு வந்தாள். "எப்போதிலிருந்து வேலை செய்யவில்லை?" என்று கேட்டாள்.

"தீபாவளியிலிருந்து."

"தீபாவளிக்குத்தானே மாப்பிள்ளை பின் விளக்குகளை மாற்றினார்?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிரேக் விளக்குகளுக்கு எல்.இ.டி. பல்பு போட்டிருந்தார் மாப்பிள்ளை!

விளக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மாமா விளக்கியபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு கம்பி பிரேக் விளக்குக்குப் போகிறது. பழைய பல்பின் மெல்லிய இழை வழியாக அது வண்டியின் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறது. 'இழை நன்றாக இருக்கிறது, பிரேக் மிதிக்கப்படவில்லை' என்று தெரிந்தால்தான் வேகத்தைப் பிடிக்கும். பிரேக்கை மிதித்ததும் அதே கம்பியில் மின்சாரம் வரும்; பிடியை விட்டுவிடும். எல்.இ.டி. விளக்கில் அந்த இழையே கிடையாதே! பல்புகள் எரிந்துபோனாலும் இதே கதைதான். விடுவதற்கு வழி நிச்சயமாக இல்லாவிட்டால், பிடிக்கவே மாட்டேன் என்கிறது யந்திரம். எவ்வளவு புத்திசாலித்தனம், பாருங்கள்!

பழைய மாதிரி பல்புகளைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. மாமாவுக்கு ஒரே குதூகலம். என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே புறப்பட்டார். 45 மைல் வேகத்தில் பொத்தானை அழுத்தினார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

அப்போது பக்கத்து வயலிலிருந்து ஒரு டிராக்டர் சாலையில் ஏறியது. மாமா பிரேக்கை மிதித்தார். எஞ்சின் அடங்கவில்லை! வண்டி உறுமிக்கொண்டு பிரேக்கோடு மல்லுக்கு நின்றது. என் கையும் காலும் உதறலெடுத்தன. நல்ல வேளை, மாமா பதறவில்லை. பிரேக்கை விடாமல் அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஓரமாக நிறுத்திய பிறகே சாவியைத் திருப்பினார். டிராக்டருக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு கார் நீளம் இருந்திருக்கும்.

பானெட்டைத் திறந்து பார்த்தோம். பெட்டியின்மேல் தப்பில்லை, அது விட்டுவிட்டது. ஆனால் கேபிளுக்குள் நாலைந்து இழைகள் அறுந்து, முள்போல் உறைக்குள் சிக்கிக்கொண்டிருந்தன. நாள்கணக்கில் பல்பைத் தேடிய நாங்கள், கேபிளை ஒரு தடவை கையால் இழுத்துப் பார்க்கவில்லை!

அன்று இரவு மாமா, "கேபிளை மட்டும் மாற்றினால் போதும்" என்று மெல்ல ஆரம்பித்தார்.

"நாற்பது வருஷத்துக் கேபிள் இன்று, நாற்பது வருஷத்து ஜவ்வு நாளைக்கா?" என்றாள் மாமி. "வண்டியை விற்கச் சொல்லவில்லை. பிடிவாதத்தை விடச் சொல்கிறேன்."

மாமா பதில் பேசவில்லை. மறுநாள் புதுச் சாதனத்துக்கு ஆர்டர் போனது. இது சின்ன மின்சார மோட்டாரால் ஓடுவது. காற்றுக் குழாய், ஜவ்வு ஒன்றும் கிடையாது. ஒரு மெக்கானிக்கும் மாமாவுமாக மாட்டினார்கள். கேபிளைக் கூர்மையாக வளைக்கக் கூடாது. புகைக்குழாயின் சூடு படக் கூடாது. எஞ்சின் சும்மா ஓடும்போது கேபிள் சற்றே தளர்ந்திருக்க வேண்டும். கார்புரேட்டரை மூடும் ஸ்பிரிங்குக்குத் துணையாக இன்னொரு ஸ்பிரிங்கும் போட்டார்கள்.

கடைசிப் பரீட்சை மாமியுடையது. எஞ்சினை நிறுத்தி வைத்து, ஆசனத்தில் உட்கார்ந்து, பெடலைத் தரைவரை மிதித்து விட்டாள். 'டக்'கென்று திரும்பியது. பத்துத் தடவை மிதித்தாள். பத்துத் தடவையும் 'டக்'! பிறகு காலிச் சாலையில், பிரேக்கை லேசாகத் தொட்டதும் வேகம் பிடியிலிருந்து கழன்றது. அப்புறந்தான் "இண்டியானாபோலிஸ் போகலாம்" என்றாள்.

போனோம். சாலைக்குச் சற்று வடக்கே டீட்டரின் ஹேகர்ஸ்டவுன் இருக்கிறது என்று மாமா காட்டினார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்; வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சாலையில் இதை நம்பக் கூடாது. சக்கரம் வழுக்குவது இதற்குத் தெரியாது. மாமி வாயைத் திறப்பதற்குள் மாமாவே பிரேக்கைத் தொட்டுவிட்டார்.

நான் ஊருக்குத் திரும்புமுன் பார்த்தேன்: பழைய பெட்டி துடைக்கப்பட்டு, கராஜ் அலமாரியில் பத்திரமாக வீற்றிருந்தது.

"இதையும் விட மாட்டீர்களா?" என்றாள் மாமி.

"பிரேக்கை இன்னும் யாரும் மிதிக்கவில்லையே!" என்றார் மாமா.