பெயர் இழந்த கோப்புகள்



சென்ற வாரம் தியானம் வெளிவராததைக் குறித்து உங்களில் சிலர் அன்போடு விசாரித்தீர்கள். உடல்நலக் குறைவு ஒன்றும் இல்லை. காரணம் என் கைத்தவறு; அதை உங்களிடம் அறிக்கை செய்வதே முறை.

சபை அலுவலகக் கணினி மிகவும் மந்தமாகிவிட்டபடியால், விண்டோஸை நானே புதிதாக நிறுவத் துணிந்தேன். அதன் 500 ஜிபி வன்தட்டு சி, டி என்று இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. டி-யில், நமது ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளை வாலிபர்கள் இரண்டு கோடை விடுமுறைகளில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்த படங்கள் இருந்தன. நிறுவும்போது திரையில் பகுதிகளின் பட்டியல் வந்தது. சி-யை மட்டும் தொட்டிருக்க வேண்டும். நானோ இரண்டையும் அழித்து, முழுவதையும் ஒரே பகுதியாக்கி, அடுத்த பொத்தானையும் அழுத்திவிட்டேன். புதிய விண்டோஸ் பளிச்சென்று எழும்பியது. டி இல்லை.

பதிவேடுகளின் மூலப் புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாய் உள்ளன. உழைப்பு வீணானாலும் மறுபடி ஸ்கேன் செய்யலாம். என் உள்ளம் ஒடிந்தது வேறொன்றுக்காக. சி-யின் முகப்புத்திரையில் ஒரு கோப்புறை இருந்தது; அதைப் பிரதி எடுக்க மறந்தேன். சபையின் முதியோர் பதினொருவர் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல, சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் நான் பதிந்தவை அதில் இருந்தன. அவர்களில் நால்வர் இன்று நம்மோடு இல்லை. அந்த நால்வரில் ஒரு தாயாரின் மகன், வீட்டுத் திண்ணையிலேயே பூட்டு ராவிப் பிழைப்பவர், முதலாண்டு நினைவு ஆராதனைக்கு அம்மாவின் குரல் வேண்டுமென்று கேட்டிருந்தார். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கணினி படிக்கும் நம் சபைப் பிள்ளை ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, உடனே அணைத்துவிடுங்கள். இனி அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது" என்றார்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்லுகிறேன். பழைய முறையில் பிரிக்கப்பட்ட வன்தட்டில், பகுதிகளின் அட்டவணை முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதிலும் அட்டவணைக்கு 64 பைட்டுதான்: பகுதி ஒன்றுக்கு 16 வீதம் நான்கு வரிகள். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதே அங்கே எழுதப்பட்டிருப்பது. பகுதியை அழிக்கும்போது போவது அந்த வரி. உள்ளிருப்பவை இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. பட்டா தொலைந்தால் நிலம் நடந்து போய்விடுவதில்லை. ஆனால் அந்த நிலத்தில் வேறொருவர் வீடு கட்டிவிட்டால்? சி இருந்த இடத்தில் புதிய விண்டோஸ் தன் வீட்டைக் கட்டியிருந்தது. நம்முடையது சுழலும் பழைய வன்தட்டானது ஒருவகையில் நன்மை. இக்காலத்து எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடும் வழக்கம் அதற்கு உண்டாம்.

தம்பி வந்து வன்தட்டைக் கழற்றி, முழுவதையும் அப்படியே வேறொரு தட்டில் பிரதி எடுத்தார். என்ன செய்தாலும் அந்தப் பிரதியில்தான் செய்வேன் என்று பிடிவாதமாய் இருந்தார். பின்பு டெஸ்ட்டிஸ்க் என்னும் மென்பொருளை ஓடவிட்டார். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி, யாவருக்கும் இலவசமாய்க் கொடுத்திருப்பது. பகுதி ஒன்று தொடங்கும் இடத்தின் அடையாளத்தை அது தட்டு முழுவதிலும் தேடுகிறது. மாலையில் டி கிடைத்தது. கோப்புகள் தங்கள் பெயர்களோடே இருந்தன.

சி அப்படி வரவில்லை. அதற்கு அதே ஆசிரியரின் ஃபோட்டோரெக். இது அட்டவணையையே பார்ப்பதில்லை. படம் எப்படித் தொடங்கும், ஒலிக்கோப்பு எப்படித் தொடங்கும் என்று அவற்றின் தலைப்பகுதியைக் கொண்டே கண்டெடுக்கிறது. ஆகவே கிடைப்பவற்றுக்குப் பெயர் இராது, எண் மட்டுமே. நமக்குக் கிடைத்தவை நானூறுக்கும் மேல். பாடகர் குழு ஒத்திகை, யாரோ ஏற்றிவைத்த அழைப்பு மணி, என் பழைய பிரசங்கங்கள் (சில மிகவும் நீளமானவை என்று அப்போதுதான் உணர்ந்தேன்) எல்லாம் கலந்து கிடந்தன.

அந்த மகனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வேலை முடிந்து, விரலில் இரும்புத்தூள் போகாமலேயே, மூன்று மாலைகள் என்னோடு அமர்ந்து ஒவ்வொன்றாய்க் கேட்டார்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கையில் எரேமியா 36-ஆம் அதிகாரம் நினைவில் வந்தது. யோயாக்கீம் ராஜா சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் எறிந்தான். எரேமியா மீண்டும் சொல்ல, பாருக்கு மீண்டும் எழுதினான். முன் இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்ந்தன. ராஜா வேண்டுமென்றே செய்தான், நான் அசட்டையாய்ச் செய்தேன். நெருப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் மாலை அந்தக் குரல் வந்தது. மணமான முதல் வருஷம் மழை பொய்த்ததையும், செய்த பூட்டுகள் விலைபோகாமல் வீட்டில் குவிந்ததையும் அம்மா சொல்லிக்கொண்டு வந்தார்கள். "ஒரு நாள் உங்க ஐயா ஒரேயொரு மாங்காய்ப் பூட்டை எடுத்துக்கிட்டு..." என்ற இடத்தில் ஒலி அறுந்தது. அதற்கு மேல் விண்டோஸின் வீடு.

மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மீதி எனக்குத் தெரியும், ஐயா. அம்மா பலதடவை சொல்லியிருக்காங்க" என்றார். ஒலிப்பதிவுக் கருவியை அவர்முன் வைத்தேன். இருபது நிமிஷம் பேசினார். தாயார் என்னிடம் சொல்லாமல் விட்டவையும் அதில் இருந்தன.

பதினொன்றில் ஒன்பது கிடைத்துள்ளன. இம்முறை ஒரு பிரதி ஆலயத்திலும், ஒன்று தம்பி வீட்டிலும், ஒன்று என்னிடமும் இருக்கின்றன. கிடைக்காத இரண்டு பேரும் கர்த்தருடைய கிருபையால் நம்மோடு இருக்கிறார்கள்; இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். வருகிற ஞாயிறு மாலை நினைவு ஆராதனையில் தாயின் பதிவையும் மகனின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்போம்.