இடதுகை முடிச்சு

பாய்மரக் கப்பல் மாதிரி செய்கிற யாரிடமாவது, எந்த வேலை கசக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பலகை ஒட்டுவதைச் சொல்ல மாட்டார்கள், பாய் தைப்பதையும் சொல்ல மாட்டார்கள். கயிற்றேணி என்பார்கள். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த வடங்களுக்குக் குறுக்கே, மாலுமிகள் கால் வைத்து ஏறுவதற்காகப் படிபடியாகக் கட்டுகிற மெல்லிய கயிறுகள். நிஜக் கப்பலில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி இருக்கும். கப்பலை அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்த இடைவெளி ஆறு மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு படியும் வடத்தைத் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு விழ வேண்டும்.

என் மகன் கட்டிய முடிச்சுகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவன் கட்டியதில் ஒன்றுகூட இன்று அந்தக் கப்பலில் இல்லை.

நாங்கள் இருப்பது ஹனூரில். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. 1956 வரை இந்தப் பக்கமெல்லாம் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர், 1997-லிருந்து சாமராஜநகர். எங்கள் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். தண்ணீரில் மிதக்கிற ஒன்றைப் பார்ப்பதென்றால் ஒகேனக்கல் பக்கம் காவிரியில் பரிசலைத்தான் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் கப்பல் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சின்ன வயதில் நூலகத்துப் புத்தகப் படத்தில் பிடித்தது, விடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒரு ரூபாய் உதைத்தால் அது எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். இந்தக் குணத்தால் சம்பளம் வந்தது, நல்ல பேரும் வந்தது. வீட்டில் அது என்ன செய்தது என்பதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

பெட்டி வெளிநாட்டிலிருந்து பெங்களூர் வழியாக வந்தது. பீகிள் கப்பல். 1820-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் தண்ணீரில் இறக்கியது. முதலில் இரண்டு பாய்மரம், பிறகு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். 1831 முதல் 1836 வரை சார்லஸ் டார்வின் உலகத்தைச் சுற்றி வந்தது இதில்தான். 90 அடி நீளம். எங்கள் அளவில் ஒன்றரை அடி. பெட்டியைத் திறந்தால் எண் போட்ட மரச் சட்டங்கள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப் பட்டைகள், பித்தளை ஆணிகள், மூன்று துளை போட்ட வட்டக் கட்டைகள், நூல் உருளைகள். 2020-இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டார்வின், கப்பலின் பின்னறையில் வரைபட மேசைக்கு மேலே தூளி கட்டித் தூங்கினார் என்று சொன்னேன். அவ்வளவுதான், அந்த அறைக்கு உள்ளே மேசையும் தூளியும் வைத்தே தீர வேண்டும் என்று நின்றான். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே போவதில்லை. ஆனாலும் வைத்தான். தூளிக்குத் துணி அவன் அம்மாவின் பழைய ரவிக்கைத் துண்டு.

அடிக்கட்டையில் சட்டங்களை நிறுத்தி, வளைவுக்குத் தக்க ஓரங்களைச் சீவி, பட்டைகளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு வளைத்து ஒட்டினோம். தூத்துக்குடித் தோணி கட்டுகிறவர்கள் அடிக்கட்டையை ஏரா என்றும், சட்டங்களை வங்கு என்றும் சொல்வார்கள். வரைபடம் இல்லாமல் கண்ணளவிலேயே பெரிய தோணிகளைக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். எனக்கோ வரைபடம் இல்லாமல் ஒரு ஆணியும் அடிக்க வராது. மகன் ஒட்டிய பட்டையில் பசை வழிந்தால் சொல்வேன். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் சொல்வேன். ஒரு நாள் அவன் அம்மா கதவருகே நின்று, "ஏனுங்க, பையன் கையத் தூக்கறதுக்குள்ள நீங்க வாயத் திறக்கறீங்க" என்றாள். உறைத்தது. இனிமேல் அவனைத் திருத்துவதில்லை என்று முடிவு செய்தேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கயிற்றேணிக்கு வந்தோம். பெட்டியில் வந்த நூலில் பிசிர் அதிகம். அந்தப் பிசிரைப் படிய வைக்க நூலைத் தேன்மெழுகின் மேல் இழுக்க வேண்டும். காட்டில் தேன் எடுக்கிற சோலிகர்கள் மூலம் எங்கள் பக்கம் நல்ல மெழுகு கிடைக்கும். மகன் மெழுகுக் கட்டியை இடது கையில் பிடித்து நூலை இழுப்பான், வீடெல்லாம் தேன் வாசனை வரும். அவனுக்கு எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது கைதான்.

முன் பாய்மரத்தின் கயிற்றேணியை அவனிடம் கொடுத்தேன். வடத்தைச் சுற்றி ஒரு சுற்று, அதன் மேலே குறுக்காக ஏறி இன்னொரு சுற்று, நுனியை உள்ளே விட்டு இழுத்தால் முடிச்சு. அவன் சாமணத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒன்றொன்றாகப் போட்டான். போடும்போது கதை வேண்டும். நம் ஆட்கள் கட்டிய கப்பல் இல்லையா என்று கேட்டான். அன்னபூரணியைச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் வேப்ப மரத்தில் கட்டிய கப்பல் அது. பீகிளைப் போலவே ஏறத்தாழ 90 அடி. கடலில் ஊறிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்கினார், தன் மனைவியின் பேரை வைத்தார். கப்பலின் தலைவரான தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதிலேயே கிளம்பி, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலைத் தாண்டி, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மகன் முடிச்சை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அதுல கயிறு கட்டினவங்க எல்லாரும் ஒரே மாதிரியாப்பா கட்டியிருப்பாங்க?" என்றான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவன் கட்டியதில் கோணலாகப் போன படியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் முடிச்சை இறுக்கி இழுத்தான். அப்படி இழுத்தால் ஓரத்து வடங்கள் உள்ளே வாங்கி, ஏணி நடுவில் உடுக்கை மாதிரி இடுப்பு விழும். புதிதாகக் கட்டுகிற எல்லோருக்கும் விழுவதுதான். வடத்துக்குப் பின்னால் கோடு போட்ட ஓர் அட்டையைச் செருகி, "கண்ணு, வடத்த இழுக்காம நூல மட்டும் இறுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருத்துவதில்லை என்று முடிவு செய்தவன் ஆயிற்றே. அவன் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டு, நகவெட்டியால் அவனுடைய படிகளை வெட்டி எடுத்துவிட்டு நானே திரும்பக் கட்டினேன். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு சொட்டு வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தவன், "அப்பா, நேத்து கட்டினது நல்லா வந்திருக்குல்ல?" என்றான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றேன்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவன் பகலில் கட்டுவான், நான் ராத்திரியில் பிரிப்பேன். தன் கை தேறி வருகிறது என்று நம்பி அவன் வேகமாகக் கட்ட ஆரம்பித்தான். பாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னான். ஏணி நேராக ஏறியது. வீட்டிலும் சத்தம் இல்லை. என் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவன் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து முன் பாய்மரத்தைப் பார்த்தான். பிசிர் இருக்கிறதா என்றுதான் பார்க்க ஆரம்பித்தான். நான் பக்கத்தில், பாயைத் தாங்கும் பருமல் கட்டையைச் சீவிக்கொண்டிருந்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேசையில் கிடந்த பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு துண்டு நூலால் அதில் முடிச்சுப் போட்டான். பென்சிலை ஏணிக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தான். பென்சிலைச் சுற்றித் திருப்பினான். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான்.

அந்த முடிச்சில் இரண்டு சுற்றுக்கும் மேலே ஓர் இழை குறுக்காகச் சாய்ந்து போகும். வலது கைக்காரன் இடமிருந்து வலமாகக் கட்டிக்கொண்டு போனால் அது ஒரு பக்கம் சாயும். இடது கைக்காரன் வலமிருந்து இடமாகக் கட்டினால் எதிர்ப்பக்கம் சாயும். பென்சிலில் இருந்த இழை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கப்பலில் கீழிருந்து மேல் வரை எல்லாப் படியிலும் மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஒரு ரூபாய் எங்கே உதைக்கிறது என்று தேடிப் பிடிக்கிற புத்தி அவனுக்கும் என்னிடமிருந்துதான் போயிருக்கிறது.

அவன் அழவில்லை. "இது எதுவும் நான் கட்டினது இல்ல" என்றான். நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. எதைச் சொன்னாலும் அது முந்தைய நாள் காலையில் சொன்னதோடு மோதும் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. கோணலாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்ன நாட்களில்கூட அவன் மறுநாள் வந்து உட்கார்ந்தான். அந்தத் திட்டு எரிச்சலாக இருந்திருக்கும், ஆனால் உண்மையாக இருந்தது. அதை நிறுத்திவிட்டு நான் கொடுத்த பாராட்டில் ஒரு சொல்லுக்கும் காசு பெறாது. அதைத்தான் அவன் பாட்டி வரைக்கும் கொண்டுபோயிருந்தான். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே கட்டிடுங்கப்பா. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வரும்" என்று எழுந்து போனான். குரலில் கோபம்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவன் அந்த மேசைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன், "பரவால்லப்பா" என்றான். நான் பெரிதாக நினைத்த நஷ்டம் கப்பல் இல்லை. எட்டாவதில் ஒரு படம் வரைந்தான், நன்றாக இருக்கிறது என்றேன். நிமிர்ந்து, "நிஜமாவா?" என்றான். பத்தாவதில் மேடையில் பேசினான், நன்றாகப் பேசினாய் என்றேன். "நிஜமாவா?" இரண்டும் நிஜமாகவே நன்றாக இருந்தன. என் பேச்சை எடை போட்டுப் பார்க்காமல் வாங்கிக்கொள்ள அவனால் முடியாமல் போய்விட்டது. அவன் அம்மா "நல்லாருக்கு சாமி" என்றால் சிரித்துக்கொண்டு போய்விடுவான். முடியாத வேலை எதையும் என் கண்ணில் காட்ட மாட்டான். முழுசாக முடித்த பிறகுதான் கொண்டுவருவான்.

கப்பலை நானும் முடிக்கவில்லை. முன் பாய்மரமும் நடுப் பாய்மரமும் ஏணியோடு நிற்க, பின் பாய்மரம் வெறும் வடத்தோடு நின்றது. கட்டலாம் என்று நூலை மெழுகில் இழுப்பேன், வைத்துவிடுவேன்.

இப்போது மைசூரில் படிக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது, பின் பாய்மரத்து ஏணியைக் கட்டித் தருகிறாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தான். பின்னறைச் சன்னல் வழியாக உள்ளே தூளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இருந்தது. "நான் கட்டலப்பா. நீங்க கட்டி போட்டோ அனுப்புங்க. எங்க தப்புன்னு நான் சொல்றேன்" என்றான்.

கட்ட ஆரம்பித்திருக்கிறேன். கண் முன்னைப்போல இல்லை, மத்தியான வெளிச்சத்தில்தான் முடிகிறது. முதல் படங்களை அனுப்பிய அன்று ராத்திரியே பதில் வந்தது. "நாலாவது படிக்கு மேல இடுப்பு விழுது. வலது ஓர வடத்த இழுத்திருக்கீங்க. அவுத்துக் கட்டுங்க." பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அவன் சொன்னது சரிதான். வெட்டி எடுத்துவிட்டு மறுநாள் திரும்பக் கட்டி அனுப்பினேன். "இப்ப சரியா இருக்கு" என்று எழுதியிருந்தான். சரியாகத்தான் இருக்கும். இல்லையென்றால் சொல்லியிருப்பான்.