கடல் மேலே ஒரு ரோடு

எங்க சோழபுரத்துக்காரங்க கப்பலை சினிமாவுல பார்த்தாத்தான் உண்டு. ஆனாலும் அந்தக் காலத்துப் பெருசுகளுக்கு 'சிலோன்' ஏதோ பக்கத்து ஊர் மாதிரி. காரணம், 'போட் மெயில்'.

1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு, சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல். அதே 1964-ல் போட்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால், தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் டிரங்குப் பெட்டியோடு அதில்தான் வந்து இறங்கினார்கள். எண்பதுகளில் சண்டை மூண்டதும் அதுவும் நின்றது.

ஸ்காட்லாந்தில் தீவுகளுக்குப் போகும் கப்பல் கட்டணத்தை, அவ்வளவு தூரம் ரோட்டில் போனால் என்ன செலவாகுமோ, அந்தக் கணக்கை ஒட்டி வைக்கிறார்கள். மிச்சம் அரசாங்கத்தின் பொறுப்பு. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கடலும் ரோடுதான்னு ஒத்துக்கிற கணக்கு அது!

2023 அக்டோபரில் நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் கிளம்பி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. லாபம் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனா கப்பல் நின்னா அறுந்துபோகிற சொந்தபந்தத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவாங்க, நீங்களே சொல்லுங்க?