அடுத்தடுத்த இரு மேசைகள்

நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடி. தேர்வுப் பிரிவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் கடைசி அறை. 'அறக்கட்டளை மற்றும் உதவித்தொகைப் பிரிவு' என்று கதவுக்கு மேலே எழுதியிருக்கிறது. காவிரிப் படுகை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் இந்தப் பல்கலைக்கழகத்தில் அதிகம். உண்மைத்தன்மைச் சான்றுக்கு மனுப் போட்டவர்களும் இந்த அறை வாசலில் கிடக்கும் பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் உள்ளே இரண்டு மேசைகள் தெரிகின்றன. பேச்சும் கேட்கிறது.

இடப்பக்க மேசையில் பதக்க வேலை. பட்டமளிப்பு விழா நெருங்கிவிட்டது. கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, தேர்வுப் பிரிவு அனுப்பிய தரவரிசைப் பட்டியலையும் தடித்த பதிவேடு ஒன்றையும் ஒத்துப் பார்க்கிறார். பதிவேட்டில் பக்கத்துக்கு ஓர் அறக்கட்டளை. கொடுத்தவர் யார், யார் நினைவாக, முதல் எவ்வளவு, எந்த வங்கியில், பரிசு யாருக்கு என்று எல்லாம் மையில் எழுதியிருக்கிறது. அவர் வாய்விட்டுப் படிக்கிறார். எதிரே இளைஞர் ஒருவர் கணினியில் ஏற்றுகிறார்.

"எம்.ஏ. தமிழ். முதல் மதிப்பெண். எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே பாஸாகியிருக்கணும். யாரு வருது?"

"ஒரு பொண்ணு மேடம். அரியர் இல்ல."

"போடு. அடுத்தது எம்.எஸ்சி. இயற்பியல். மாணவிகளில் முதல்."

"மொத்தத்துலயே முதல் மூணு பேரும் பொண்ணுங்கதான் மேடம்."

அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். அந்த அறக்கட்டளையை எழுதி வைத்தவர், பெண்கள் ஒருவர் இருவராக வகுப்புக்கு வந்த காலத்தை நினைத்து எழுதியிருப்பார். "அப்படின்னா ரெண்டு பதக்கமும் அவளுக்கே," என்று அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்.

ஒரு பக்கத்தில் கொஞ்சம் நின்றார். இன்ன தாலுகாவில் பிறந்து வரலாற்றில் முதலாவதாக வருகிறவருக்கு என்று விதி. இந்த ஆண்டு அப்படி யாருமில்லை. போன ஆண்டும் இல்லை போலிருக்கிறது. வட்டியை முதலோடு சேர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். இன்னொரு பக்கத்தில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தகப்பனார் இறந்துபோன மகள் நினைவாகக் கொடுத்த ஆயிரம் ரூபாய். ஆறு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 60 ரூபாய். அந்தக் காலத்தில் இரண்டு நல்ல புத்தகம் வாங்கியிருக்கலாம். இன்றைக்கு அந்தக் காசில் குண்டுமணித் தங்கம்கூட வராது. ஆனாலும் அந்த மகளின் பெயர் ஆண்டுதோறும் மேடையில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறது. பெற்றவர் கேட்டதும் அதைத்தான். அறுபது ரூபாய்தானே என்று அந்தப் பக்கத்தை இவர்கள் விட்டுவிடவில்லை. பல்கலைக்கழகத்தின் பொதுநிதியிலிருந்து கொஞ்சம் சேர்த்துச் சான்றிதழோடு கொடுக்கிறார்களாம். அதைக் கேட்டபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பதக்கம் பெறுகிறவர்களை அவர்களே தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்.

"தம்பி, யூனிவர்சிட்டிலேருந்து பேசுறேன். உனக்கு கோல்டு மெடல் வந்திருக்குப்பா... ஆமாம், நீதான். கவர்னர் கையால வாங்கணும். முந்தின நாளே ஒத்திகைக்கு வந்துடணும்."

மறுமுனையில் இருப்பவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை செய்கிறான் போல. லீவு கிடைக்குமா என்று தயங்குகிறான். "லெட்டர் வேணும்னா நாங்க மெயில் பண்றோம். உங்க மேனேஜர்ட்ட காட்டு. அம்மா அப்பாவையும் அழைச்சிட்டு வா, பாஸ் ரெண்டு தரோம்," என்று அம்மா பிடியை விடவில்லை. சொந்தத் தம்பி மகனிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். அந்தப் பையன் எந்த விண்ணப்பமும் போடவில்லை. எந்தச் சான்றும் கொண்டுவரவில்லை. அவன் மதிப்பெண் இவர்கள் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து இவர்களே அவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். பரிசு என்றால் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும்.

வலப்பக்க மேசை நான்கடி தள்ளி இருக்கிறது. அங்கே வரிசை.

வரிசையில் முன்னால் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். அப்பா கையில் நெகிழிப் பைக்குள் பைக்குள் பையாகக் காகிதங்கள். அந்த மேசைக்காரர் முப்பது வயதுக்குள் இருக்கும். பொறுமையானவர். அவர் முகம் கடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேற்கொண்டு நடந்ததில் அவர் குற்றம் எதுவுமில்லை.

"பணம் ஏறிடுச்சும்மா. ஸ்டேட்டஸ்ல காட்டுது பாருங்க."

"சார், அக்கவுண்ட்ல வரலை. பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பாத்துட்டோம்."

"ஆதார் எந்த பேங்க்ல சீடிங் ஆகியிருக்கு?"

"ஆதார் லிங்க் பண்ணியாச்சு சார்."

"லிங்க் வேற, சீடிங் வேறம்மா. கடைசியா எந்த பேங்க்ல சீடிங் பண்ணீங்களோ அங்கதான் போய் விழும்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா யோசித்தார். செல்போன் கடையில் சிம் வாங்கியபோது விரல் வைத்தார்கள், ஏதோ கணக்கு என்று சொன்னார்கள் என்று அவளுக்குத்தான் நினைவு வந்தது. அந்தக் கணக்கில் அவள் உதவித்தொகை சும்மா கிடக்கிறது. அதைத் திறக்கும் வழி தெரியவில்லை. இங்கே கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது.

"ஃபீஸ் கட்டலைன்னா ஹால் டிக்கெட் வராதுன்னு டிபார்ட்மென்ட்ல சொல்றாங்க சார்," என்றாள். குரல் உயரவில்லை.

முன்பெல்லாம் கட்டணப் பகுதி அரசிடமிருந்து கல்லூரிக்கே நேராகப் போகும். இடையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று மாணவர் கணக்குக்கே அனுப்புகிற முறை வந்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சீரமைத்து, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்றும் அதில் 60 சதவீதம் மத்திய அரசு தரும் என்றும் முடிவு செய்தபோது, இந்த நேரடி வரவும் உறுதியானது. நோக்கம் நல்லது. பிள்ளையின் பணம் பிள்ளை கைக்கே வர வேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு? ஆனால் பணம் வரும் நாளும் கட்டணம் கட்டும் நாளும் ஒன்றாக வருவதில்லை. நடுவில் கிடக்கும் மாதங்களை அந்த அப்பாதான் தாண்ட வேண்டியிருக்கிறது. அவர் எப்படித் தாண்டுகிறார் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தவன் இரண்டாம் ஆண்டு மாணவன். ரெனிவல். சாதிச் சான்று பழையதே போதும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், புதிதாக வேண்டும். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கிறது என்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும். அறுபது ரூபாய் என்று காதில் விழுந்ததும் இடப்பக்க மேசையின் அந்த மகள் பக்கம் ஞாபகம் வந்தது. ஆண்டு முழுதும் அவள் பெயர் ஈட்டும் வட்டியும் இந்தப் பையன் தன் இல்லாமையை ஒரு தடவை நிரூபிக்கக் கட்டும் தொகையும் ஒன்றாக இருக்கிறது.

போன வருஷம் அவனுடைய அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. இந்த வருஷமும் இல்லை. அதை அவன் மறுபடியும் எழுதி வாங்கி வர வேண்டும்.

இந்த ஊருக்கும் கும்பகோணத்துக்கும் அதிக தூரமில்லை. ராமானுஜன் படித்த அரசுக் கல்லூரி அங்கேதான் காவிரிக் கரையில் இருக்கிறது. 1904-இல் டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை வாங்கிக்கொண்டு, உதவித்தொகையோடு அந்தக் கல்லூரிக்குள் போனவர் அவர். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாமல் மற்றப் பாடங்களில் தவறியதும் உதவித்தொகை நின்றுபோனது. படிப்பும் நின்றுபோனது. பிறகு சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் எழுத்தர் வேலை. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அதைப் பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. சிண்டிகேட் கூடி விதியைத் தளர்த்தியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தந்தால் போதும் என்றார்கள். மறு ஆண்டு இங்கிலாந்து போக ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகம்தான். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கும்பகோணத்து வீட்டுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார். எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுவது அவர் மேதைமை அல்ல, அது உலகத்துக்கே தெரியும். ஒரு பல்கலைக்கழகம் விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எதிரே நிற்கிற ஆளைப் பார்த்ததுதான் பெரிது. ஒன்பது ஆண்டுக்கு முன்னால் கும்பகோணத்தில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் அவர் அத்தனை பசியைத் தாங்கியிருக்க வேண்டாம்.

வரிசையில் பெண்பிள்ளைகள் அதிகமாக இருந்தார்கள். அதில் சிலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஒழுங்காக வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இளநிலைப் படிப்பில் இருப்பவர்கள். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம் அது. அதற்கு முன் அந்தப் பணம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக, தாலிக்குத் தங்கத்தோடு போய்க்கொண்டிருந்தது. தாலிக்கான தங்கம் படிப்புக்கான மாதப் பணமாக மாறியது இந்த மண்ணில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. "ஏழாம் தேதிக்குள்ள வந்துடும்க்கா. பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் அதுதான்," என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஒருமுறை பெயர் பதிந்த பிறகு மாதாமாதம் அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த நிம்மதி அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு பெரியவர் இடப்பக்க மேசைக்கு வந்தார். சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். புதிதாக ஓர் அறக்கட்டளை வைக்க வேண்டுமாம்.

"வீட்ல தமிழாசிரியையா இருந்தாங்க. போன தையில தவறிட்டாங்க. அவங்க பேர்ல ஏதாவது செய்யணும்னு பிள்ளைங்களும் சொல்றாங்க. ரெண்டு லட்சம் வச்சிருக்கேன்."

கண்காணிப்பாளர் அம்மா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். விவரம் சொன்னார். பணத்தை வங்கியில் வைப்பு வைப்போம், முதலைத் தொடமாட்டோம், இப்போதைய வட்டிக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வாக்கில் வரும், எம்.ஏ. தமிழில் முதலாவதாக வருகிறவருக்கு அம்மா பெயரில் பதக்கம் என்று போட்டுவிடலாம் என்றார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் இன்னும் வலப்பக்க மேசை ஓரத்தில்தான் நின்றிருந்தார்கள். வங்கிக்குக் கொடுக்க ஒரு கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. அவர் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதல் மார்க்குக்கு ஏற்கெனவே இருக்குமே?"

"தமிழுக்கு மட்டும் நாலு இருக்கு சார்."

"அப்ப ஐஞ்சாவதும் அதே பிள்ளைக்குத்தான் போகும். அதுவும் படிப்பு முடிஞ்சு போறப்ப." சற்று நிறுத்தினார். "படிச்சிக்கிட்டு இருக்கிறப்பவே, கஷ்டப்படுற பிள்ளை ஒண்ணுக்குக் கொடுக்க முடியாதாம்மா?"

"முடியும் சார். ஆனா அதுக்கு அப்ளிகேஷன் வாங்கணும், இன்கம் சர்ட்டிபிகேட் கேக்கணும், கமிட்டி போடணும். நாங்க இருக்கிறதே ரெண்டு பேரு. மார்க்குன்னா லிஸ்ட்டப் பாத்து அன்னிக்கே கொடுத்துடலாம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பதிவேட்டில் பெரும்பாலான பக்கங்கள் முதல் மதிப்பெண்ணுக்கே எழுதப்பட்டதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் பட்டது. கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் மதிப்பெண்ணை மட்டும் மதித்தவர்களாக இருந்திருக்க முடியாது. ஏதோவொரு நாள் இதே மேசைக்கு முன் உட்கார்ந்து, சுலபமான வழி எது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். யார் முதலில் வந்தார் என்பதை அலுவலகம் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறது. யார் மதியம் சாப்பிடாமல் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை அது தனக்கு ஏற்படுத்திக்கொள்ளவில்லை. வகுப்பு ஆசிரியருக்கு அது தெரியும். விடுதிச் சமையல்காரருக்கும் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

"அவங்க ஸ்கூல்ல இருந்தப்ப அப்ளிகேஷன் எல்லாம் கேட்டதில்லம்மா," என்றார் பெரியவர். "வகுப்புல முகத்தைப் பாத்தே சொல்லிடுவாங்க. டீச்சர் எழுதிக் கொடுத்தாப் போதும்னு போடுங்க."

கண்காணிப்பாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார். "இப்படி ஒரு விதி இதுவரைக்கும் வந்ததில்ல சார். சிண்டிகேட்டுக்குப் போகணும். யாரு எழுதுறது, வேண்டியவங்களுக்கு எழுதிட்டா என்ன செய்றதுன்னெல்லாம் கேப்பாங்க."

"கேக்கட்டும்மா. ரெண்டு டீச்சரா எழுதட்டும். வருஷா வருஷம் யாருக்குப் போச்சுன்னு எனக்கு ஒரு கடுதாசி வந்தாப் போதும். பேரு வேண்டாம், எந்தத் துறைன்னு மட்டும்."

கண்காணிப்பாளர் அம்மா சற்று நேரம் யோசித்தார். பிறகு எதிரே இருந்த இளைஞரிடம், பட்டியலை மூடிவிட்டுப் புதுப் பக்கம் திறக்கச் சொன்னார். அறக்கட்டளைப் பத்திரத்தின் மாதிரி திரைக்கு வந்தது. 'முதல் மதிப்பெண் பெறும்' என்ற சொற்கள் அதில் அச்சாகவே இருந்தன. இளைஞர் அவற்றை அழித்தார். ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல ஏற்றினார். முதலாண்டு மாணவர். இரண்டு ஆசிரியர் பரிந்துரை. விண்ணப்பம் தேவையில்லை.

"எந்த மாசம் கொடுக்கணும்னு போடட்டும் சார்? எல்லாரும் பட்டமளிப்பு விழா அன்னிக்குன்னுதான் போடுவாங்க."

"ஜூலைன்னு போடுங்க தம்பி. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி."