உப்புக்கும் நாள் கணக்கு, விசாவுக்கும் நாள் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கினால் உப்புப் பாத்திகள் கண்ணில் படும். பாத்தியை மிதித்துக் கெட்டியாக்கி, உவர்நீரை ஏற்றி, வெயிலில் காயவிட்டு, உப்பை வாரிக் கரையேற்றுகிறார்கள். பெருமழை முந்திக்கொண்டால் பாத்தியில் கிடப்பது கரைந்துபோகும்.

தெற்கே புதுச்சேரி. 1962-ல் அது சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களின் வாரிசுகள் சொந்தபந்தங்களைப் பார்க்க இன்றும் வருகிறார்கள். தங்க நினைப்பது இரண்டு மாதம். கையில் இருப்பதோ 30 நாள் சுற்றுலா இ-விசா என்றால் சிக்கல்தான். வந்து இறங்கிய நாளிலிருந்தே கணக்கு ஓடும். அதை நீட்டிக்க முடியாது. நாள் கடந்தால் அபராதம் கட்டி, வெளியேற அனுமதி வாங்க அலைய வேண்டும்.

ஆகவே, கல்யாணம், காதுகுத்து என்று அழைக்கும்போதே எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேளுங்கள். அதிக நாள் என்றால், டிக்கெட் எடுக்கும் முன்பே ஓராண்டு இ-விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்திய வம்சாவளியினர் ஓ.சி.ஐ. அட்டை பெற்றுவிட்டால் ஒவ்வொரு முறையும் விசா எடுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. விசாவில் வரும் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால், 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை வந்த அன்றே வாங்கி வையுங்கள்.