நிறைய எழுதியவர்

புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பாவைக் 'குழந்தைக் கவிஞர்' என்று கொண்டாடுகிறோம். கூடவே ஒரு முணுமுணுப்பும் உண்டு: மனிதர் அளவுக்கு மீறி எழுதிவிட்டார், கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று. 1944-இல் 23 பாடல்களோடு வந்த 'மலரும் உள்ளம்' பத்தே ஆண்டில் 135 பாடல்கள் கொண்ட தொகுதியாகப் பெருகியது. மொத்தப் பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்பார்கள். இந்தியன் வங்கி வேலை, பத்திரிகைப் பொறுப்பு, கதைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் எழுதியவை இவை. குழந்தைகளுக்குப் பாட்டும் படக்கதையும் எழுதுகிற எனக்கு இந்த எண்ணிக்கை குறையாகத் தெரியவில்லை. இந்த வேலை கேட்பதே அதைத்தான். பெரியவர் ஒருவர் ஒரே கவிதையோடு இருபது வருடம் வாழ்ந்துவிடலாம். மூன்று வயதில் பிள்ளை விடாமல் பாடிய பாட்டு ஐந்து வயதில் தங்கைக்குப் போய்விடும். அடுத்த பாட்டு தயாராக இருக்க வேண்டும். அதுவும் நூறு முறை திரும்பப் பாடினாலும் சலிக்காததாக இருக்க வேண்டும்.

நிறைய எழுதினால் தரம் போகாதா என்ற கேள்விக்கு 'லட்டும் தட்டும்' பாட்டை எடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பாலர் பள்ளிக்குப் போன பலருக்கும் அது மனப்பாடம். தட்டில் எட்டு லட்டு. கிட்டு பாதியை எடுக்கிறான், மீதி தங்கை பட்டுவுக்கு. கடைசியில் தட்டு காலி. அடிகள் ஏறக்குறைய எல்லாமே 'ட்டு' என்று முடிகின்றன. இயைபு தெரிந்தால் யாரும் இப்படி எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இயைபு தேவையற்ற சொல்லை எப்படி உள்ளே இழுத்துவரும் என்று. இங்கே அப்படி ஒரு சொல்கூட வரவில்லை. எட்டு என்பது ஓசைக்குப் பொருந்துகிறது, சரிபாதியாகவும் பிரிகிறது. ஏழு என்றிருந்தால் அண்ணன் தங்கைக்குள் சண்டைதான். வர்ணனையும் அநேகமாக இல்லை. தட்டு, லட்டு, பையன், தங்கை, மறுபடி தட்டு என்று ஒவ்வொன்றாக வருவதால் எந்தப் பக்கத்தில் எதை வரைவது என்று ஓவியருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. லட்டின் நிறத்தையும் முந்திரியையும் எழுத்தே சொல்லிவிட்டால் படத்துக்கு என்ன மிச்சம்? படப்புத்தக எழுத்தில் ஆகக் கடினமான பாடம் இந்த விட்டுக்கொடுத்தல்தான்.

ஆனால் அவர் புத்திமதியும் நிறையச் சொன்னாரே என்பார்கள். உண்மைதான். நல்லொழுக்கத்தை நேரடியாகப் போதிக்கும் பாடல்கள் அவரிடம் உண்டு. அவற்றில் சில இன்று நாக்கில் நிற்பதில்லை. அதற்கு எண்ணிக்கையைக் குற்றம் சொல்ல முடியாது. என் அனுபவம் நேர் எதிர். எப்போதாவது ஒரு பாட்டு எழுதுகிறவர்தான் தனக்குத் தெரிந்த நல்லதை எல்லாம் அதன் தலையில் ஏற்றிவிடுகிறார். நிறைய எழுதுகிறவரால் ஒரு பாட்டை வெறும் லட்டோடு விட்டுவிட முடிகிறது. பகிர்ந்து உண் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே அந்தப் பாட்டில் பங்கீடு நடந்து முடிகிறது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக அவர் முன்னின்றதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்; ஒருவர் எழுதித் தீர்கிற தேவை அல்ல இது. இன்று வண்ணப் படப்புத்தகம் அச்சிடச் செலவு அதிகம். அதனால் கைப்பிரதியை நீட்டியதுமே 'இதில் என்ன கருத்து?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. வருடத்துக்கு இரண்டு புத்தகம் போடுகிற இடத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். இருபது போடுகிற இடத்தில், சும்மா சிரிக்கவைக்கிற புத்தகம் ஒன்றுக்கும் இடம் கிடைக்கும்.