எரிந்தது வால்வு, பழுது வேறிடத்தில்

ஒரு வால்வு அம்பிளிபயர் அதே பழுதோடு மறுபடியும் மறுபடியும் திருத்துபவரின் மேசைக்கு வந்தால், அவருக்குக் கைத்திறன் போதாது என்று ஊர் முடிவுகட்டிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாற்றிய சாமானுக்குக் காசு கொடுக்கிறோம். பழுதைத் தேடிய நேரத்துக்குக் கொடுப்பதில்லை. அதனால் கருகிய பாகம் மாறுகிறது, கருக்கிய காரணம் உள்ளேயே இருக்கிறது. அமெச்சூர் வானொலிக்காரர் இன்றும் பேணிவரும் ஹீத்கிற் எஸ்.பி.-220 இதற்கு நல்ல சாட்சி. 1970களின் அம்பிளிபயர், இரண்டு 3-500இசட் வால்வுகள், ஏறத்தாழ 3000 வோல்ற். அதைத் தாங்க எட்டுக் கண்டென்சர்கள் தொடராக நிற்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் 30 கிலோ ஓம் றெசிஸ்ரர். கணக்குப் பார்த்தால் எட்டிலும் சேர்த்து 37 வாற்றுக்கு மேல் சூடு, அதுவும் யாரும் பேசாமல் செற் சும்மா நிற்கும்போதே. பக்கத்திலிருக்கும் கண்டென்சர் உள்ளே காய்ந்துபோகிறது. அதை மட்டும் மாற்றினால் புதியதும் அதே சூட்டில் வேகும். றெசிஸ்ரரை 100 கிலோ ஓமாக்கினால் சூடு 11 வாற்றளவுக்கு இறங்கிவிடும். வால்வின் கதையும் இதுதான். 3-500இசட்டின் இழையில் 14 அம்பியருக்கு மேல் ஓடுகிறது. சொக்கற்றின் பிடி தளர்ந்தாலோ விசிறி மெலிந்தாலோ வால்வின் காலிலுள்ள ஈயம் இளகி, தொடர்பு விட்டுவிட்டு வரும். வால்வு செத்தது என்று எறிவார்கள். காலுக்கு மறுபடி ஈயம் வைத்துப் பிடியையும் காற்றையும் சரிசெய்தால் அது பல காலம் உழைக்கும்.

புங்குடுதீவு போன்ற இடத்தில் இந்தத் தேடல் இன்னும் அவசியம். வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை உப்புக்காற்று தொடாத இரும்பு இல்லை. விசிறி குளிர்ச்சியோடு அந்த உப்பையும் பெட்டிக்குள் இழுக்கிறது. படிந்த உப்பு ஈரத்தைப் பிடிக்க, உயர்வோல்ற் கசிகிறது. வெளியே அன்ரனா இணைப்பில் செம்பு பச்சை பூத்தால், அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வந்து, ரியூனிங் தட்டுகளுக்கிடையே பொறி பறக்கும். கூரையில் ஏறிப் பார்க்காதவர் பெட்டிக்குள் எத்தனை பாகம் மாற்றினாலும் வீண்.

புதிய ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயர் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். ஆனால் பச்சை பூத்த அதே அன்ரனாவை வால்வு பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு ட்ரான்சிஸ்டர் பொறுக்காது. தேடலுக்குக் கூலி கொடுக்க இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி கனமானது. ஆனால் சாமானில்லாத வேலையை மதிப்பது இங்கே புதிதல்ல. 1990களில் மின்சாரமும் இல்லாமல், பற்றறிக்கும் தடை இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். அதைப் பொருத்திக் கொடுத்தவர்களிடம் விற்கச் சாமான் இருக்கவில்லை. தெரிந்த வேலை இருந்தது. இன்று பெட்டி திரும்பி வருவதில் இலாபம் காண்பவர் வால்வை இறக்கி விற்கும் இடைத்தரகர்தான். அவப்பெயர் மட்டும் திருத்துபவருக்கு. மணிக்கணக்கில் கூலி கேட்டால் ஏமாற்றிவிடுவாரோ என்ற பயத்திலும் நியாயம் உண்டு. அதற்கு வழி இருக்கிறது: சுமையேற்றும்போது வீட்டு மின்சார வோல்ற் எவ்வளவு இறங்கியது, இழையில் 5 வோல்ற் நிற்கிறதா, அன்ரனாவிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, திகதியிட்டு, மூடியின் உட்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்துத் திறப்பவர் அங்கிருந்து தொடங்குவார்.